வாப்பாவின் கல்லாப்பெட்டியும் வாலிபனின் முதுகெலும்பும்!

 

நம் வியாபாரிகள் நிறைந்த எந்தக் கடைத்தெருவிலும் ஒரு முறை நடந்து பாருங்கள். பெயர்ப்பலகைகளை அண்ணாந்து படியுங்கள். இன்னார் சாஹிப் அண்ட் சன்ஸ், இன்னார் ராவுத்தர் அண்ட் சன்ஸ், இன்னார் மரைக்காயர் அண்ட் சன்ஸ்! பலகையில் சன்ஸ் இருக்கிறார்கள். கடைக்குள் இருக்கிறார்களா?

காலையில் கடையைத் திறப்பவர் வேலையாள். சரக்கை இறக்கி எண்ணுபவர் வேலையாள். கணக்கு எழுதுபவர் இன்னொரு வேலையாள். சன்ஸ் பதினோரு மணிக்கு வருகிறார். தன் புல்லட்டை நிழலில் நிறுத்துவதற்காக அந்த வேலையாளின் சைக்கிளை வெயிலுக்குத் தள்ளுகிறார். செல்போனைப் பார்த்தபடி கல்லாவில் உட்காருகிறார். வந்தவர் விலை கேட்டால் வேலையாளின் முகத்தைப் பார்க்கிறார். லுஹர் பாங்கு சொன்னதும் எழுகிறார். தொழுகைக்கா, சாப்பாட்டுக்கா என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம். போகும்போது கல்லாவில் கையை விட்டு எண்ணாமல் எடுத்துச் செல்கிறார். எடுத்ததை எழுதி வைப்பதுமில்லை.

(புல்லட் ஓட்டுவது ஹராம் என்று நான் சொல்லவில்லை. அதைக் கேட்டு யாரும் கடிதம் எழுத வேண்டாம்.)

இப்படிப்பட்ட ஒரு கடையில் சென்ற ஆண்டு அஸருக்குப் பின் உட்கார்ந்திருந்தேன். கடைக்குச் சொந்தக்காரர் எழுபது வயதைத் தாண்டிய ஹாஜியார். எங்கள் பகுதியில் நல்ல காரியம் எதுவானாலும் முதல் ஆளாகக் கொடுப்பவர். "மகனாரைக் கடை வேலையில் கொஞ்சம் இறக்கிவிடக் கூடாதா?" என்று மெல்லக் கேட்டேன்.

"ஹஜ்ரத், நான் பட்ட கஷ்டத்தை என் புள்ளை படக்கூடாது" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை வாப்பாக்களின், எத்தனை அத்தாக்களின் வாயிலிருந்து கேட்டிருக்கிறோம்! கேட்பதற்குப் பாசமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பாசம் நம் சமுதாயத்தின் எத்தனை குடும்பங்களைக் கவிழ்த்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தோமா?

அந்த ஹாஜியார் பட்ட கஷ்டம் என்ன? பதிமூன்று வயதில் ஊரை விட்டு வந்து ஒரு மண்டியில் சேர்ந்தார். விடியுமுன் கடை வாசலைப் பெருக்கினார். இரவில் சாக்கு மூட்டைகளின் மேலேயே படுத்தார். மிளகாயை உள்ளங்கையில் வைத்து நசுக்கிப் பார்த்தே அது எந்த ஊர்ச் சரக்கு, எத்தனை நாள் காய்ந்தது என்று சொல்லப் பழகினார். கடன் கேட்டு வருபவனின் செருப்பையும் பேச்சையும் வைத்தே அவன் திருப்பித் தருவானா என்று கணிக்கக் கற்றார். பாக்கி வசூலுக்குப் போய் ஏச்சு வாங்கினார். ஏசியவனிடமே மறுமாதம் சரக்கும் விற்றார். இத்தனையும் சேர்ந்ததுதான் அவருடைய முதல். கல்லாவில் கிடப்பது அந்த முதலின் லாபம் மட்டுமே! லாபத்தை மகனுக்கு எழுதி வைத்துவிட்டு முதலைத் தன்னோடு கப்ருக்குக் கொண்டுபோகப் போகிறார். இதற்குப் பெயர் பாசமா?

சாக்கு மூட்டையில் மகனும் படுக்க வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. கஷ்டத்தில் தானாக எந்தப் பரக்கத்தும் இல்லை. கஷ்டப்பட்டவர்களெல்லாம் நல்லவர்களாகிவிடுவதுமில்லை. மிளகாயை நசுக்கிப் பார்க்கிற அந்தக் கையை மகனுக்குக் கொடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

செல்வம் குற்றவாளியா?

உடனே சில வாலிபர்கள் மறுபக்கத்துக்குத் தாவிவிடுகிறார்கள். "பணக்காரன் பிள்ளை உருப்படமாட்டான், ஏழைப் பிள்ளைதான் முன்னேறுவான்" என்று கூட்டங்களில் முழங்கிக் கைதட்டல் வாங்குகிறார்கள். இதுவும் தவறு. நம் மார்க்கம் இப்படிச் சொல்லவில்லை.

ஸஅது இப்னு அபீ வக்காஸ் (ரலி) நோயில் கிடந்தபோது தம் செல்வத்தின் பெரும்பகுதியைத் தர்மம் செய்துவிட நாடினார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், அதுவே அதிகம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வாரிசுகளைப் பிறரிடம் கையேந்தும் நிலையில் விட்டுச் செல்வதை விடத் தன்னிறைவோடு விட்டுச் செல்வது சிறந்தது என்றும் விளக்கினார்கள். பிள்ளைக்குச் சொத்து வைப்பது குற்றமென்றால் இந்தத் தடை எதற்கு?

முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்களை எண்ணிப் பாருங்கள். மக்காவின் செல்வச் செழிப்பில் வளர்ந்த இளைஞர். அவர் உடுத்திய ஆடையும் பூசிய நறுமணமும் ஊர் பேசும் அளவுக்கு இருந்தன. தாயின் செல்லப் பிள்ளை. இஸ்லாத்தை ஏற்றதும் தாய் செல்வத்தை நிறுத்தினார், அடைத்தும் வைத்தார். அந்தச் செல்லப் பிள்ளை உடைந்து போனாரா? அபிசீனியாவுக்குப் போனார். பின்னர் மதீனாவுக்கு மார்க்கத்தைக் கற்றுக்கொடுக்க நபி (ஸல்) அவர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பியது அவரைத்தான். உஹதில் கொடி பிடித்து ஷஹீதானபோது கஃபனிட ஒரே ஒரு போர்வை. தலையை மூடினால் கால் தெரிந்தது, காலை மூடினால் தலை தெரிந்தது. பணத்தில் வளர்ந்தவருக்கு முதுகெலும்பு இருக்காது என்று எந்த வாயால் சொல்வது?

இதற்கு மறுபுறம் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி). ஹிஜ்ரத் செய்து மதீனாவில் வெறுங்கையோடு நிற்கிறார். சகோதரராக்கப்பட்ட அன்ஸாரித் தோழர் ஸஅது இப்னு ரபீஃ (ரலி) தம் சொத்தில் சரிபாதியைத் தர முன்வருகிறார். நம் வாலிபர் ஒருவராக இருந்தால் அன்றைக்கே பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு ஆட்டோ பிடித்திருப்பார்! அப்துர் ரஹ்மான் (ரலி) என்ன செய்தார்? உங்கள் குடும்பத்திலும் செல்வத்திலும் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும் என்று துஆ செய்துவிட்டு, சந்தைக்கு வழி கேட்டார். கைனுகா கூட்டத்தாரின் சந்தையில் பாலாடைக் கட்டியும் நெய்யும் வாங்கி விற்றார். சில நாட்கள் கழித்து அவர் மேல் மணப்பெண் வீட்டு வாசனைப் பொருளின் மஞ்சள் சாயம் தெரிந்தது. திருமணம் முடித்திருந்தார்! மஹராக ஒரு பேரீச்சங்கொட்டை எடை தங்கம் கொடுத்திருந்தார்.

கவனியுங்கள் சகோதரர்களே! வாரிசுச் சொத்தே இல்லாத அந்த மனிதர் நெய் விற்ற காசில் மனைவிக்குத் தங்கம் கொடுத்தார். மூன்று மாடிக் கடைக்கு வாரிசான நம் மாப்பிள்ளை பெண் வீட்டில் தங்கம் கேட்கிறார். இதில் யார் ஏழை?

இந்த இருவரையும் ஒரே இடத்தில் சேர்க்கும் செய்தி ஒன்று உண்டு. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ செய்யும். அப்துர் ரஹ்மான் (ரலி) பெருஞ்செல்வந்தராகிவிட்ட பிற்காலம். நோன்பு வைத்திருந்தார். நோன்பு திறக்க உணவு வந்தது. முஸ்அபின் நினைவு வந்துவிட்டது. என்னை விடச் சிறந்தவர், அவருக்கு ஒரு போர்வைதான் கிடைத்தது, நமக்கோ உலகம் இப்படி விரிக்கப்பட்டுவிட்டதே, நம் நன்மைகளெல்லாம் இங்கேயே தரப்பட்டு முடிந்துவிட்டனவோ என்று அழுதார். உணவைத் தொடவில்லை. சொந்தக் கையால் சம்பாதித்தவர், செல்வத்தில் பிறந்து அனைத்தையும் துறந்தவரை நினைத்து அழுகிறார். "நானே உழைத்து வந்தவனாக்கும்" என்ற பேச்சு அங்கே இல்லை.

குர்ஆன் வைக்கச் சொன்ன பரீட்சை

அப்படியானால் வேறுபாடு எங்கே உண்டாகிறது? செல்வத்தைக் கைமாற்றும் இடத்தில் உண்டாகிறது. இதற்கு நம் ஆலிம்கள் மிம்பரில் அதிகம் பேசாத ஒரு வசனம் இருக்கிறது. அநாதைகளின் சொத்தைப் பற்றிய அந்நிஸா அத்தியாயத்தின் 6வது வசனம். அவர்கள் திருமணப் பருவத்தை அடையும் வரை அவர்களைச் சோதித்து வாருங்கள், அவர்களிடம் பக்குவம் தென்பட்டால் சொத்தை ஒப்படையுங்கள் என்பது அதன் கருத்து. வயது மட்டும் போதாது. பக்குவம் தெரிய வேண்டும். அந்தப் பக்குவத்துக்கு 'ருஷ்து' என்று பெயர்.

எப்படிச் சோதிப்பது? இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜை ஷாஃபிஈ மத்ரஸாக்களில் இன்றும் ஓதுகிறோம். ஹிஜ்ரி 676ல் மறைந்த அந்த இமாம் இதை எவ்வளவு நடைமுறையாக எழுதி வைத்திருக்கிறார் தெரியுமா? வியாபாரியின் பிள்ளையை வாங்கல் விற்றலிலும் அதில் பேரம் பேசுவதிலும் சோதிக்க வேண்டும். விவசாயியின் பிள்ளையை விவசாயத்திலும், வேலை செய்வோருக்குச் செலவு செய்யும் முறையிலும் சோதிக்க வேண்டும். ஒரு தடவை போதாது, இரண்டு தடவையோ அதற்கு மேலோ சோதிக்க வேண்டும். பக்குவமில்லாமல் பருவமடைந்தால் ஷாஃபிஈ மத்ஹபில் சொத்து அவன் கைக்குப் போகாது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) இருபத்தைந்து வயதானதும் கொடுத்துவிட வேண்டியதுதான் என்கிறார்கள். அவர்களும் அதுவரை காக்க வைக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இது அநாதைகளுக்குத்தானே, நான் உயிரோடு இருக்கிறேனே என்கிறீர்களா? ஹாஜியாரே, நீங்கள் உயிரோடு இருக்கும்போதுதான் சோதிக்க முடியும்! நீங்கள் போன பிறகு அந்தச் சோதனையைச் சந்தை வைக்கும், வட்டிக்காரன் வைப்பான். அவர்கள் வைக்கும் பரீட்சையில் தோற்றவனுக்கு மறுதேர்வு கிடையாது.

நாம் செய்வது என்ன? பேரம் பேசத் தெரியாத பிள்ளைக்குப் பெரிய இடத்தில் பெண் பேசுகிறோம். நிக்காஹ் முடிந்த மறுமாதம் இரண்டாவது கடையைத் திறந்து கொடுக்கிறோம். திறப்பு விழாவுக்கு வருகிறவர்கள் குளிர்சாதன வசதியைப் புகழ்கிறார்கள். இரண்டு வருடத்தில் மேல்சரக்கு கொடுத்தவர்களெல்லாம் வாசலில் நிற்கிறார்கள். வாப்பாவின் நாணயத்தைப் பார்த்துக் கடனுக்குச் சரக்குக் கொடுத்தவர்கள் அவர்கள். ஆக, பிள்ளை அழித்தது சொந்தப் பணத்தை மட்டுமல்ல. நாற்பது வருடம் வாப்பா சொன்ன சொல்லையும் சேர்த்து அழித்துவிட்டான்.

இன்னொரு வகை வாப்பாவும் உண்டு. இவர் மகனைக் காலை முதல் இரவு வரை கடையிலேயே நிறுத்தி வைப்பார். மகனுக்கு வயது முப்பத்தைந்து, மூன்று குழந்தைகள். ஆனால் பீரோச் சாவி வாப்பா இடுப்பில். யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யார் எவ்வளவு தர வேண்டும் எதுவும் மகனுக்குத் தெரியாது. பிள்ளைக்கு மருந்து வாங்கக்கூட வாப்பாவிடம் கைநீட்ட வேண்டும். நாலு பேர் முன்னிலையில் "உனக்கு என்ன தெரியும்?" என்ற ஏச்சு வேறு! ஒரு நாள் மாரடைப்பில் வாப்பா போய்விட்டார். அன்றைக்குத்தான் மகன் முதல் தடவையாகக் கணக்கைப் பார்க்கிறான். பாதி வாப்பாவின் நினைவில் இருந்தது. அது அவரோடே போய்விட்டது. முதல் வகை வாப்பா சோதிக்காமல் கொடுத்தார். இவர் சோதிக்கவுமில்லை, கொடுக்கவுமில்லை. இரண்டிலும் விளைந்தது ஒன்றே.

1377ல் தம் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன் ஒரு குடும்பத்தின் பெருமை நாலு தலைமுறை என்று கணக்குப் போட்டார். கட்டியவனுக்கு அதன் விலை தெரியும். மகன் அவனோடு இருந்து பார்த்தவன். பேரன் பார்த்துப் பின்பற்றுபவன். நாலாமவனோ அது பிறப்பிலேயே தனக்கு வந்த உரிமை என்று நினைத்துத் தொலைத்துவிடுகிறான். நம் ஊர்களில் இப்போது இரண்டாம் தலைமுறையே அந்த வேலையை முடித்துவிடுகிறது. வேகமாகத்தான் முன்னேறியிருக்கிறோம்!

சொத்து என்பது எவ்வளவு நிலையற்றது என்பதை மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். நமக்கு அது குடும்பக் கதை. ரங்கூன் மொகல் தெருவில் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம்களின் பேரன்கள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். 1962ல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964ல் கடைகள் அரசுடைமையாயின. அதே ஆண்டு 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவையாயின. கப்பலேறி வந்தவர்களிடம் பத்திரமும் இல்லை, பணமும் இல்லை. அவர்களில் பலர் சென்னைத் துறைமுகத்தின் அருகே நடைபாதையில் பொருட்களைப் பரப்பி விற்றதில் எழுந்ததுதான் பர்மா பஜார். முஸ்லிம்கள் மட்டுமல்ல, பிற தமிழர்களும் அப்படித்தான் எழுந்தார்கள். கியாட் நோட்டைச் செல்லாது என்று அறிவிக்க முடிந்தது. விற்கத் தெரிந்த வாயை அப்படி அறிவிக்க முடியவில்லை.

இலங்கையின் வடக்கில் 1990 அக்டோபரில் நடந்ததும் நெஞ்சை விட்டு அகலாது. சுமார் 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். தலைமுறை தலைமுறையாகக் கடை நடத்தியவர்கள் நகையையும் பணத்தையும் பறிகொடுத்துப் புத்தளத்துக்கு வந்து ஓலைக் குடிசையில் உட்கார்ந்தார்கள். அந்த அநியாயத்தை நான் இங்கே பாடமாக்கி இனிப்பாக்க விரும்பவில்லை. அநியாயம் அநியாயம்தான். பறிக்கப்பட்டவை அவர்களுக்குச் சேர வேண்டியவை. ஆனால் அன்றைக்குக் குடிசைக்குள் இருந்த இருபது வயது வாலிபனிடம் மிஞ்சியிருந்தது என்ன என்று மட்டும் நம் கல்லாப்பெட்டி வாலிபர்கள் ஒரு நிமிடம் யோசிக்கட்டும்.

காரூனின் வசனம்

இப்போது சொந்தக் காலில் நிற்கிறேன் என்று மார்தட்டுபவர்களிடம் வருகிறேன். இவர்களிடம் எனக்கு வழக்கு அதிகம்.

"வாப்பா விட்டுப் போனது ஒரு சின்னக் கடை ஹஜ்ரத். அதை இத்தனை பெரிசாக்கியது என் உழைப்பு" என்கிறார் ஒரு சகோதரர். மாஷா அல்லாஹ்! உழைத்திருக்கிறீர்கள், மறுக்கவில்லை. அந்தச் சின்னக் கடையில் உங்கள் லாத்தாவுக்கும் தங்கச்சிக்கும் இருந்த பங்கு எங்கே?

பேச்சு நின்றுவிடுகிறது. பிறகு வரும் பதில் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: "அவங்களுக்குக் கல்யாணத்திலேயே செஞ்சாச்சு. அவங்களே வேண்டாம்னு கையெழுத்துப் போட்டுட்டாங்க."

அந்தக் கையெழுத்துக்குப் பத்திர எழுத்தர் வைத்திருக்கும் பெயர் விடுதலைப் பத்திரம்! யாருக்கு விடுதலை? எதிலிருந்து விடுதலை? உம்மாவின் இத்தா முடிந்ததும் முடியாததுமாகப் பத்திரத்தை நீட்டுகிறார்கள். "கேட்டால் காக்கா கோவிச்சுக்குவார், நாளைக்குத் தாய்வீடு என்று வந்து நிற்க ஓர் இடம் வேண்டாமா?" என்று உம்மாவே மகளிடம் சொல்கிறார். அந்தப் பெண் அழுதுகொண்டே கையெழுத்துப் போடுகிறாள். எத்தனை ரூபாய்ச் சொத்தை விட்டுக் கொடுக்கிறோம் என்று அவளுக்கு யாரும் சொல்வதில்லை. மனமொப்பிக் கொடுத்தாள் என்று இதை மறுமையில் நிரூபிக்க முடியுமா?

பெண்களுக்குப் பெற்றோர் விட்டுச் சென்றதில் பங்கு உண்டு, அது கொஞ்சமானாலும் அதிகமானாலும் சரி என்று குர்ஆன் (4:7) முடிவு சொல்லிவிட்டது. நாட்டின் சட்டமும் இடையூறாக இல்லை. 1937ன் ஷரீஅத் சட்டத்தில் விவசாய நிலம் மட்டும் விடுபட்டிருந்தது. 1949ல் சென்னை மாகாணத் திருத்தம் அதையும் உள்ளே கொண்டு வந்தது. ஷரீஅத்தில் கைவைக்காதே என்று தெருவில் இறங்கி முழங்குகிறோம். முழங்க வேண்டியதுதான். நானும் முழங்கியிருக்கிறேன். ஆனால் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும் அந்த ஷரீஅத்தில் கைவைப்பவர் யார்?

வாப்பா உயிரோடிருக்கும்போதே கடையை மூத்தவன் பேருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிவிடும் தந்திரமும் நடக்கிறது. நுஃமான் இப்னு பஷீர் (ரலி) சிறுவராக இருந்தபோது அவருடைய தந்தை அவருக்கு மட்டும் ஓர் அன்பளிப்பைக் கொடுத்துவிட்டு, நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படிக் கொடுத்தாயா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் சாட்சி சொல்ல மறுத்துவிட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் மறுத்த சாட்சிக் கையெழுத்தைப் போட நம் ஜமாஅத்தில் இரண்டு பேர் எப்போதும் தயாராக இருக்கிறார்கள்.

ஆக, பிறந்தது முதல் சகோதரியின் பங்கில் சாப்பிட்டு, கல்யாணத்தில் மாமனாரின் கைக்கூலியில் முதல் சேர்த்து, அதன்மேல் எழுப்பியதற்குப் பெயர் சொந்த உழைப்பா? குர்ஆனில் ஒருவன் இந்த வார்த்தையைப் பேசியிருக்கிறான். இவை என் அறிவால் எனக்குக் கிடைத்தவை என்றான் (28:78). அவன் பெயர் காரூன்.

ஒரு வார்த்தை எங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் இது ஊருக்கு உபதேசமாகிவிடும். நான் ஓதிய காலத்தில் வீடுவீடாக முறைவைத்துத்தான் எங்களுக்குச் சாப்பாடு வந்தது. அந்த வீடுகளுக்கு அல்லாஹ் அருள் செய்யட்டும். ஆனால் எட்டு வருடம் வாங்கியே பழகிய கைக்கு, பட்டம் வாங்கி வெளியே வந்த பின்னும் மேலே எழத் தெரியவில்லை. ஒரு பள்ளியில் இமாமாக இருந்தபோது சகோதரியின் பங்கைப் பற்றி ஜும்ஆவில் பேச எழுதிக்கொண்டு போனேன். முதல் வரிசையில் நிர்வாகி உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டில் அப்போதுதான் ஒரு விடுதலைப் பத்திரம் முடிந்திருந்தது. அன்றைக்கு நான் பேசியது மிஸ்வாக்கின் சிறப்பைப் பற்றி! மிஸ்வாக்குக்குச் சிறப்பு உண்டு, ஐயமில்லை. ஆனால் அந்த ஜும்ஆவை நினைத்தால் இன்றும் கூசுகிறது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) கூஃபாவில் துணிக்கடை வைத்திருந்தார்கள். கலீஃபா நீதிபதிப் பதவியைத் தந்தபோது மறுத்துச் சிறைக்குப் போக முடிந்தது. அந்தக் கடை இல்லாமலும் அவர்கள் மறுத்திருப்பார்கள். என்னைப் போன்றவர்களுக்குத்தான் கடை தேவைப்படுகிறது. பிறகு நானும் அத்தர், புத்தகம் என்று சிறிதாக ஒரு வியாபாரம் வைத்துக்கொண்டேன்.

செல்வத்தை எப்படிக் கைமாற்றுவது என்று தெரிந்த பெரியவர்களும் நம்மிடம் இருந்திருக்கிறார்கள். 1919ல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியும் 1951ல் திருச்சி ஜமால் முகம்மது கல்லூரியும் எழுந்தது வியாபாரிகளின் பணத்தில்தானே! தம் பிள்ளைக்கு மட்டும் என்று கட்டியிருந்தால் அவை இன்று எத்தனை பங்காளிகளின் வழக்கில் கிடந்திருக்கும்?

ஹாஜியாரிடம் இவ்வளவையும் ஒரே நாளில் சொல்லிவிடவில்லை. அடுத்தடுத்துப் போனேன். ஒரு நாள் அவரே மகனை அழைத்து, "நாளை கொள்முதலுக்கு நீ போ, கூட யாரும் வரமாட்டாங்க" என்றார். மகன் போனான். இருபது மூட்டை ஈரச் சரக்கை நல்ல விலைக்கு வாங்கி வந்தான். ஹாஜியார் ஒரு மூட்டையைப் பிரித்துக் கையில் அள்ளினார், முகர்ந்தார், ஒன்றும் சொல்லவில்லை. "இதை நீயே விற்று முடி" என்று மட்டும் சொன்னார். விற்று முடிக்க அவனுக்கு ஒரு மாதம் பிடித்தது. நஷ்டம்தான். ஆனால் அந்த மாதம் புல்லட் பதினோரு மணிக்கு வரவில்லை, ஏழரைக்கே வந்தது.

சில வாரங்களுக்கு முன் இஷாவுக்குப் பிறகு இன்னொரு வாலிபர் என்னைத் தேடி வந்தார். அவருடைய வாப்பா மௌத்தாகிப் பதினான்கு வருடம். உம்மா, இரண்டு ஆண் மக்கள், மூன்று பெண் மக்கள். மூன்று லாத்தாமாரிடமும் அன்றே கையெழுத்து வாங்கியாகிவிட்டது. "அப்ப எனக்குப் பதினெட்டு வயசு ஹஜ்ரத். காக்கா சொன்னாங்க, நானும் கூடப் போனேன். இப்ப எப்படிக் கணக்குப் பார்க்கிறது?" என்றார்.

நோட்டில் எழுதிக் காட்டினேன். வாப்பாவுக்குக் கடன் இல்லை, வஸிய்யத்தும் இல்லை. கடையும் வீடும் அன்றைய மதிப்பில் 40 லட்சம். எட்டுப் பங்காக்க வேண்டும். உம்மாவுக்கு ஒன்று, 5 லட்சம். மகன்கள் இருவருக்கும் இரண்டிரண்டு, ஆளுக்கு 10 லட்சம். மகள்கள் மூவருக்கும் ஒவ்வொன்று, ஆளுக்கு 5 லட்சம். பதினான்கு வருடத்தில் கடை வளர்ந்ததில் அவர்களுக்கு என்ன சேரும் என்பதை நானோ நீங்களோ தனியாக முடிவு செய்ய முடியாது, மூன்று பேரோடும் உட்கார்ந்துதான் பேச வேண்டும் என்றேன். காக்கா ஒத்துக்கொள்வாரா என்று கேட்டேன். "மாட்டாங்க" என்றார்.

நோட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தன் காரை விற்றால் மூத்த லாத்தாவுக்குத் தன் பக்கத்துக்கு உள்ளதைக் கொடுத்துவிடலாம், மற்ற இருவருக்கும் மாதாமாதம் கட்டலாம் என்று தானாகவே பென்சிலால் ஓரத்தில் எழுதினார். அந்தத் தாளைக் கிழித்துத் தரச் சொல்லி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஸலாம் சொல்லிவிட்டுப் போனார்.